முதுநிலைப் படிப்பில் சேரும் முன் ஒரு பேப்பரைப் படித்துப் பாருங்கள்

"மிஸ், எம்.எஸ்சி. போறதா, எம்.பி.ஏ. போறதா?" மே, ஜூன் வந்துவிட்டால் கோத்தகிரியில் என்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து கேட்பது இதைத்தான். பி.இ. முடித்தவர்கள் எம்.டெக். பற்றிக் கேட்பார்கள். நான் கணிதத்தில் முதுகலை படித்துவிட்டு, இங்கேயே கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் வீட்டிலேயே முதல் பட்டதாரி. அப்பா அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பார்கள், இல்லையென்றால் ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பார்கள். அந்தக் குடும்பம் இரண்டு வருடத்தையும் லட்சக்கணக்கில் பணத்தையும் வெறும் ஒரு பட்டத்தின் பெயரை நம்பிப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அதனால் எல்லாருக்கும் ஒரே வழிதான் சொல்கிறேன். பட்டத்தின் பெயரை ஓரமாக வையுங்கள். அந்தப் படிப்பின் முதல் செமஸ்டரில் என்னென்ன பேப்பர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். அதில் கஷ்டமான ஒன்றை, சேர்வதற்கு முன்பே, வீட்டில் இருந்தபடி முழுதாகப் படித்துப் பாருங்கள். அதற்குக் காசு வேண்டாம், நேரம்தான் வேண்டும். எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன்.

சிலபஸில் எதைப் பார்ப்பது

ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் விதிமுறைகளும் சிலபஸும் சேர்ந்த பிடிஎஃப் இருக்கும். விளம்பரப் பக்கத்தில் தேடாதீர்கள், துறையின் பக்கத்தில் தேடுங்கள். எந்த வருடத்து விதிமுறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய பிடிஎஃப் பல இடங்களில் அப்படியே கிடக்கும். உள்ளே ஒவ்வொரு பேப்பருக்கும் எதிரில் 3 0 0 3 என்றோ 3 1 0 4 என்றோ நான்கு எண்கள் இருக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் விரிவுரை, எத்தனை மணி நேரம் டுடோரியல், எத்தனை மணி நேரம் செய்முறை, மொத்தம் எத்தனை கிரெடிட் என்பதே அந்த வரிசை. 0 0 4 2 என்றால் அது முழுக்க லேப். வாரம் 4 மணி நேரம் நின்றாலும் 2 கிரெடிட்தான். இந்த எண்களைக் கூட்டிப் பார்த்தாலே அந்தப் படிப்பின் குணம் தெரிந்துவிடும். "டேட்டா சயின்ஸ்" என்று பெயர் வைத்திருப்பார்கள், புள்ளியியலுக்கு ஒரே ஒரு பேப்பர் இருக்கும். "அப்ளைடு" என்று பெயர் இருக்கும், லேப் இரண்டு கிரெடிட்டோடு முடிந்துவிடும்.

அடுத்து எலெக்டிவ் (விருப்பப் பாடங்கள்) பட்டியல். அதில் இருபது தலைப்புகள் அழகாக வரிசையாக இருக்கும். அத்தனையையும் எந்தத் துறையும் ஒரே வருடத்தில் நடத்தாது. அதை நடத்த ஆசிரியர் வேண்டும், எடுக்க மாணவர் வேண்டும். ஆகவே கடந்த இரண்டு வருடத்தில் நிஜமாக நடந்த எலெக்டிவ் எவை என்று அங்கே படிக்கும் சீனியரிடம் கேளுங்கள். பிடிஎஃப் சொல்லாததை இந்த ஒரு கேள்வி சொல்லிவிடும்.

பிராஜெக்டையும் பாருங்கள். எம்.எஸ்சி.யில் பெரும்பாலும் கடைசி செமஸ்டரில் வரும். ஐஐடி எம்.டெக்.கில் இரண்டாம் வருடம் ஏறக்குறைய முழுதும் ஆய்வேடுதான். எம்.பி.ஏ.வில் இரண்டு வருடத்துக்கும் நடுவே கோடையில் ஒரு கம்பெனியில் பயிற்சி. தனியாக உட்கார்ந்து மாதக்கணக்கில் ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்ட முடியாதவருக்கு எம்.டெக். இரண்டாம் வருடம் பெரிய பாரமாகிவிடும். இதைச் சேரும் முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

முதுநிலையில் என்னதான் மாறுகிறது

"டிகிரியில் படித்ததையே கொஞ்சம் அதிகமாகப் படிப்பார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இளநிலையில் "இதை இப்படி வைத்துக்கொள்வோம்" என்று தாண்டிப் போன இடத்தில்தான் முதுநிலைப் பாடம் ஆரம்பிக்கிறது. இதை விளக்க நான் வெளியூர் உதாரணம் தேடுவதில்லை, நம் மலையிலேயே இருக்கிறது.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மலைச்சரிவில் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கட்டி, 1970 முதல் வேலை செய்கிறது. ஏன் இந்தச் சரிவைத் தேடிப் பிடித்தார்கள்? அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. சரிவும் சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம். இவ்வளவும் பி.எஸ்சி. மாணவர் ஒரு தாளில் படம் போட்டுப் புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

அங்கிருந்து மேலே போகலாம். தூரத்து ரேடியோ மூலத்திலிருந்து வரும் அலை, சூரியனிலிருந்து வீசும் சூரியக் காற்றைத் தாண்டி வரும்போது மினுமினுக்கிறது. அந்த மினுமினுப்பை அளந்தே சூரியக் காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள், ஊட்டியில் பல காலமாக நடக்கும் வேலை இது. அதைக் கணக்கிட ஃபூரியர் மாற்றம் தெரிய வேண்டும், பிளாஸ்மா இயற்பியல் தெரிய வேண்டும், தாறுமாறாக ஏறி இறங்கும் ஒரு சிக்னலுக்குள் ஒழுங்கைத் தேடும் புள்ளியியல் தெரிய வேண்டும். எம்.எஸ்சி. இயற்பியல் பேப்பர்கள் இங்கேதான் வருகின்றன. அதே கருவியில் 1056 டைபோல்கள் (சிறு ஆன்டெனாக்கள்) பிடிக்கும் சிக்னலை எப்படிச் சேர்த்தால் எந்தத் திசையைப் பார்க்கலாம் என்பது எம்.டெக். சிக்னல் பிராசஸிங். கருவி ஒன்றுதான், உங்களுக்கு எந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறதோ அந்தப் படிப்புக்குப் போங்கள்.

பொறியியலுக்குத் தேயிலை ஃபேக்டரியையே எடுத்துக்கொள்கிறேன். பச்சைக் கொழுந்தில் 77 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ கொழுந்தில் உலர்ந்த பொருள் 23 கிலோ. தூளில் 3 சதவீதம் ஈரம் விட்டால் 23-ஐ 0.97-ஆல் வகுக்க வேண்டும், 23.7 கிலோ தூள் வரும். போகவேண்டிய தண்ணீர் 76.3 கிலோ. இது இளநிலைக் கணக்கு. முதுநிலையில் கேள்வி வேறு: அந்தத் துகளுக்குள்ளிருந்து ஈரம் எந்த வேகத்தில் வெளியே வருகிறது? முதலில் வேகமாகப் போகும் தண்ணீர் கடைசியில் ஏன் அடம்பிடிக்கிறது? டிரையரின் வெப்பத்தைக் கூட்டினால் மணம் கெடாமல் எவ்வளவு நேரம் மிச்சமாகும்? இதற்கு வெப்ப, நிறைப் பரிமாற்றம் என்ற பேப்பரும், அதற்கு அடியில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் வேண்டும்.

இப்போது அதே டிரையரை முதலாளி வாங்கலாமா வேண்டாமா என்று பார்ப்பது எம்.பி.ஏ. விலை 5 லட்சம். வருடத்துக்கு 1.5 லட்சம் மிச்சப்படுத்தும், 5 வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 7.5 லட்சம் வருகிறதே, வாங்கு என்று தோன்றும். ஆனால் ஐந்தாம் வருடத்து ரூபாய்க்கு இன்றைய ரூபாயின் மதிப்பு இல்லை. 12 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அந்த ஐந்து வருட வரவு சுமார் 5,40,700 ரூபாய், லாபம். 16 சதவீதத்தில் கணக்கிட்டால் சுமார் 4,91,100, நஷ்டம். வாங்கலாமா என்பதை இங்கே வட்டிதான் முடிவு செய்கிறது. நிதி மேலாண்மை பேப்பரின் முதல் சில வாரம் இதுதான். அதற்குப் பிறகுதான் கடினமான கேள்வி வருகிறது: குன்னூர் ஏலத்தில் தூள் விலை வாரா வாரம் ஆடும்போது அந்த 1.5 லட்சத்தை எப்படி நம்புவது? எம்.பி.ஏ. என்றால் பேச்சுத் திறமை போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ரசித்தால் தாராளமாகப் போங்கள்.

எந்தப் பேப்பரை எடுப்பது

முதல் செமஸ்டரின் கட்டாயப் பேப்பர்களில் எதில் அதிகம் பேர் அரியர் வைக்கிறார்களோ அதை எடுங்கள். எம்.எஸ்சி. இயற்பியல் என்றால் குவாண்டம் மெக்கானிக்ஸ். கணிதம் என்றால் ரியல் அனாலிசிஸ். வேதியியல் என்றால் குவாண்டம் வேதியியலோ குரூப் தியரியோ. உயிரியல் பக்கம் போகிறவர்கள் உயிர்வேதியியலோடு புள்ளியியலையும் தொட்டுப் பாருங்கள், அங்கே பலருக்கும் தடுக்கும் இடம் அதுதான். கட்டுமானப் பொறியியலுக்கு ஃபைனைட் எலிமென்ட், கம்யூனிகேஷனுக்கு ரேண்டம் பிராசஸ், கணினிக்கு அல்காரிதம், எம்.பி.ஏ.வுக்கு ஃபைனான்சியல் அக்கவுண்டிங். சுலபமான எலெக்டிவை எடுத்துப் படித்துவிட்டு "எனக்கு வருகிறது" என்று முடிவு கட்டுவதில் பயன் இல்லை.

உட்காரும் முன் ஒரு சின்னச் சோதனை. இரண்டு வரிசை கொண்ட ஓர் அணி, முதல் வரிசை 2, 1, அடுத்தது 1, 2. இதன் ஐகன் மதிப்புகள் 3, 1. புத்தகம் பார்க்காமல் அவற்றையும் ஐகன் வெக்டர்களையும் கண்டுபிடிக்க முடிகிறதா? இரண்டாவது வகைக்கெழுவோடு 4 மடங்கு y-யைக் கூட்டினால் பூஜ்யம், தொடக்கத்தில் y ஒன்று, சரிவு பூஜ்யம். விடை காஸ் 2x என்று வருகிறதா? இந்த இரண்டும் வராவிட்டால் இயற்பியல், பொறியியல் பேப்பருக்கு முன்னால் இரண்டு மாதம் லீனியர் அல்ஜீப்ராவும் வகைக்கெழுச் சமன்பாடும் படியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்லூரியில் தேர்வுக்காகப் படித்தது மறந்துபோவது சகஜம்.

என்பிடெல்லில் படிக்கும் விதம்

ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து இணையத்தில் பாடம் நடத்தும் என்பிடெல்லில் (NPTEL) முதுநிலைப் பாடங்கள் நிறைய இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு சுற்று, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். மத்திய அரசின் ஸ்வயம் (SWAYAM) தளத்தில் பதிவு செய்ய வேண்டும். படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். 12 வாரப் பாடம் 3 கிரெடிட்டுக்குச் சமம், 8 வாரம் என்றால் 2. வாரா வாரம் அசைன்மென்ட் உண்டு. சான்றிதழ் மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சில பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் கிடைக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் முதல் மூன்று வாரம் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல துணை.

நம் ஊரில் ஜூலைச் சுற்றை எடுத்தால் ஒரு விஷயத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் விழுந்து கரண்ட் போகும், டவர் சேர்ந்து போகும். அதனால் அந்த வாரத்து வீடியோக்களை ஞாயிற்றுக்கிழமையே டவுன்லோட் செய்துவிடுங்கள். அசைன்மென்டைக் கடைசி நாள் இரவுக்கு வைக்காதீர்கள். சிக்னல் இல்லாத ஹட்டியில் இருப்பவர்கள் கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கமோ ஊட்டி மாவட்ட மைய நூலகத்திலோ உட்கார்ந்து பதிவேற்றலாம். என் மாணவர்கள் பலர் கேள்விகளை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய், வீட்டில் விடை போட்டு, மறுநாள் டவுனுக்கு வந்து பதிவேற்றுவார்கள். அந்த முறையில் ஒரு நன்மையும் உண்டு, கையால் போடாமல் தப்பிக்க முடியாது.

கையால் போடுவதைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வீடியோ பார்ப்பது படிப்பு ஆகாது. பேராசிரியர் பலகையில் எழுதும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். ஒரு மணி நேர விரிவுரைக்கு இரண்டு மணி நேரமாவது நோட்டோடு உட்காருங்கள். முதலில் விரிவுரையை ஓடவிட்டுப் பாருங்கள், குறிப்பு எடுக்க வேண்டாம். பிறகு நோட்டைத் திறந்து, அவர் நிறுவியதை நீங்களே நிறுவிப் பாருங்கள். நின்றுபோகிற இடத்தில் மட்டும் திரும்ப வீடியோவுக்குப் போங்கள். எந்த வரியில் நின்றீர்கள் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். நான்கு வாரம் கழித்து அந்தக் குறிப்புகளைப் புரட்டினால் உங்கள் பலவீனம் எங்கே என்று அவையே காட்டும். கூடுதல் பயிற்சிக்கு எம்ஐடியின் ஓபன் கோர்ஸ்வேர் தளத்தில் பல பாடங்களுக்குக் கேள்வித்தாளும் விடையும் இலவசமாகக் கிடைக்கின்றன. விடையைத் திறக்கும் முன் ஒரு கேள்விக்கு அரை மணி நேரமாவது போராடுங்கள்.

நான்காவது வாரத்தில் நிறுத்தி ஒரு முடிவுக்கு வாருங்கள். இரண்டு விதமான கஷ்டம் இருக்கிறது. ஒன்று, அடித்தளம் இல்லாத கஷ்டம்: எங்கே தடுக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியும், சரிசெய்யலாம். இன்னொன்று, கேள்வியிலேயே அக்கறை வராத கஷ்டம்: விடை சரியாக வந்தாலும் மனதில் ஒன்றும் நடக்காது. இரண்டாவது வகை என்றால் அந்தப் படிப்பில் சேராதீர்கள், யார் என்ன சொன்னாலும்.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்த ஒரு பெண், டேட்டா சயின்ஸ்தான் வேண்டும் என்று வந்தாள். மாமா சொன்னாராம். நிகழ்தகவுப் பேப்பரை எடுத்துப் படிக்கச் சொன்னேன். பாதிப் பாடம் ஆனதும் வந்து, "மிஸ், எனக்கு கோடிங் பண்றது பிடிக்கல. ஆனா அந்த கணக்கு ஏன் வேலை செய்யுதுன்னு பாக்கறது ரொம்ப பிடிச்சிருக்கு" என்றாள். துணைப்பாடமாகக் கணிதம் படித்தவர்களையும் சேர்க்கும் இடங்களாகத் தேடி, புள்ளியியல் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்தாள். இப்போது அதைத்தான் படிக்கிறாள்.

தேர்வுகள், தேதிகள், பணம்

ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் (JAM) தேர்வு. 7 பாடங்கள், 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். திருச்சி என்ஐடி போன்ற இடங்களிலும் இதே மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். எம்.டெக்.குக்கு கேட் (GATE): 65 கேள்விகள், 100 மதிப்பெண், வாங்கிய மதிப்பெண் 3 வருடம் செல்லும். இரண்டும் பிப்ரவரியில் நடக்கும், ஆனால் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். அதாவது கடைசி வருடம் தொடங்கியவுடனே இறங்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு என்னிடம் வந்தால் ஒரு வருடம் போய்விடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் (CUET) முதுநிலைத் தேர்வு, தமிழ்நாட்டில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கு டான்செட் (TANCET). சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் தனியாகத் தேர்வு வைக்கிறது. கணிதத்தில் ஆசை இருப்பவர்கள் அதை விட்டுவிடாதீர்கள்.

ஐஐஎம்களில் எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் (CAT, இது வேறு) தேர்வு நவம்பர் கடைசி வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் பக்கம் கொட்டும் காலம் அது. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகள் இங்கே யாருக்கும் மறக்காது. கோவையில் தேர்வு என்றால் முந்தின நாள் பகலிலேயே மேட்டுப்பாளையம் இறங்கிவிடுங்கள். ஞாயிறு விடியற்காலை பஸ்ஸை நம்பாதீர்கள்.

பணக் கணக்கு மூன்றுக்கும் மூன்று விதம். கேட் (GATE) மதிப்பெண்ணோடு சேரும் எம்.டெக். மாணவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. எம்.எஸ்சி. முடித்து நெட் (NET) தேர்வில் ஜேஆர்எஃப் (JRF) என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் ஆய்வுக்கு மாதம் 37,000. எம்.பி.ஏ.வில் இந்த மாதிரி மாத உதவி கிடையாது. பெரிய ஐஐஎம்களில் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும், பெரும்பாலோர் கல்விக் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். கடன் வாங்குவது தப்பில்லை. ஆனால் மேலே டிரையருக்குப் போட்ட கணக்கை உங்கள் படிப்புக்கும் போட்டுப் பாருங்கள், வட்டியோடு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பழங்குடி மாணவர்கள் சாதிச் சான்றிதழ் விசாரணைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒரு வேலை. சேர நினைக்கும் துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை, ஐந்தாறு வரி போதும். நீங்கள் யார், என்ன படித்தீர்கள் என்று ஒரு வரி. இந்தப் பேப்பரை என்பிடெல்லில் படித்தேன், இந்த இடத்தில் ஆர்வம் வந்தது என்று ஒரு வரி. பிறகு இரண்டே கேள்வி: போன வருடம் எந்தெந்த எலெக்டிவ் நடந்தது, முதல் செமஸ்டரின் பழைய கேள்வித்தாள் எங்கே கிடைக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் தமிழிலேயே எழுதலாம். பத்து நாளில் பதில் வராவிட்டால் துறை அலுவலகத்துக்குக் காலை பதினொரு மணி வாக்கில் போன் செய்து அதே இரண்டு கேள்வியைக் கேளுங்கள். கேள்வித்தாள் கைக்கு வந்ததும் மூன்று மணி நேரம் அலாரம் வைத்து ஒன்றை முழுதாக எழுதிப் பாருங்கள். விண்ணப்பப் படிவத்தை அதற்குப் பிறகு திறக்கலாம்.